நான் எழுதிய பதினோரு பிரசவங்கள்

பாப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. கேட்கவில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், நான் நலமாக இல்லை என்று உனக்குத் தெரியும், பிறகு ஒப்புக்கு ஒரு வரி எதற்கு? போன திங்கட்கிழமை காலையில் ஒரே ஒரு பையோடு நீ திருப்பூருக்குக் கிளம்பினாய். தேனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறேன் என்றேன். "வேணாம்ப்பா, வழி தெரியும்" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி சொன்னாய். நான்கு வருடம் நர்சிங் பட்டப்படிப்பு படித்த பெண், பிரசவம் பார்ப்பதுதான் என் வேலை என்று பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டு திரிந்த பெண், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போகிறாள். அந்த வேலையில் குறைச்சல் ஒன்றும் இல்லை. நம் தெருவிலேயே எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிழைக்கப் போனார்கள். நீ ஒளிந்துகொள்ளப் போயிருக்கிறாய். ஒளிய வேண்டியவன் நான், வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். நான் வாயைத் திறந்ததும் நீ "சரிப்பா, வைக்கிறேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன். நீ போன மூன்றாம் நாள் உன் பெயருக்கு ஒரு தபால் வந்தது. நான் பிரித்துப் படித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அதில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து ஒரு தடவை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. உனக்குத் தெரிந்ததுதான், தெரியாததும் கொஞ்சம் இருக்கிறது. இதை உனக்கு மட்டும் எழுதுவதாகவும் நினைக்காதே. பெண்ணை நர்சிங் படிக்க வைத்திருக்கிற எவன் கேட்டாலும் வாசிக்கக் கொடுப்பேன். அவன் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

என் தொழில் உனக்குத் தெரியாததல்ல. உத்தமபாளையத்தில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். இப்போது கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாலும் மனுவும் ஒப்பந்தமும் முன்வரைவும் இன்னும் என் கையால்தான். நான் எழுதிய காகிதம் எந்த ஆபீசிலிருந்தும் திரும்பி வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை. நான் அதை ஆரம்பித்தாலே நீயும் அம்மாவும் உதட்டை அசைத்து எனக்கு முன்னால் முடித்துவிட்டுச் சிரிப்பீர்கள். இந்தத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. இடத்தைப் பார்க்காமலே அதன் நாலு பக்க எல்லையை, நான்குமாலை, எழுதுவோம். வடக்கே இன்னார் திராட்சைத் தோட்டம், கிழக்கே ஓடை. அங்கே ஓடை இருக்கிறதா, இருபது வருடத்துக்கு முன்னாலேயே மண் மூடிவிட்டதா என்று யார் போய்ப் பார்த்தது? பழைய பத்திரத்தில் இருந்தது, எழுதியாயிற்று, சாட்சி கையெழுத்துப் போட்டார்கள், சீல் விழுந்தது. அதற்குப் பிறகு ஓடை இருக்கத்தான் வேண்டும். இப்படி எழுதி எழுதி, எழுதினால் ஆகிவிடும் என்று என் புத்தியே நம்ப ஆரம்பித்துவிட்டது.

உனக்குப் பத்து வயதில் அம்மாவுக்கு இரண்டாவது பிரசவம். மலையடிவாரத்தில் கன்னியர்கள் நடத்திய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தோம். தம்பி பிறந்து அரைமணி நேரம்கூட இருக்கவில்லை. நான் வராந்தாவில் நின்றுகொண்டு யாருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அந்த மலையாளத்து சிஸ்டர், சாப்பிடக்கூடப் போகாமல், அம்மாவின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பேசவே இல்லை, முடியை வாரிக்கொண்டே இருந்தார். நீ கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாய். ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது, "நான் அந்த சிஸ்டர் மாதிரி ஆகப்போறேன்" என்றாய். "கன்னியாஸ்திரியாவா? அப்ப எனக்குப் பேரன் பேத்தி கெடையாதா?" என்று கேலி செய்தேன். "இல்லப்பா. புள்ள எடுக்கிறவுக" என்றாய். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள். அதற்குப் பிறகு உன்னிடம் நாங்கள் யாரும் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டதே இல்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

பட்டப்படிப்பு முடிக்க இருபது பிரசவம் நீயே பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் கேஸ் நோட்டில் விவரமாக எழுதிக் கல்லூரி மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் பிரசவம் பார்த்த அன்று மத்தியானம் நீ போன் செய்தாய். எதிரில் பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா, சூடா இருந்துச்சுப்பா. கை வழுக்குது. கீழ விட்ருவேனோன்னு பயந்துட்டேன். அவுக அம்மா என்னையப் பார்த்துச் சிரிச்சாகப்பா!" என்று கத்தினாய். நான் அந்த நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏதோ நானே பிள்ளை எடுத்த மாதிரி அன்று பூராவும் திரிந்தேன்.

அதற்குப் பிறகு போன்கள் குறைந்தன. பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில் ஒரு தாய் மேஜையில் படுத்தால் சுற்றிலும் எட்டு மாணவிகள், மூன்று கல்லூரிச் சீருடைகள். ஒருத்தி கையில் பிள்ளை வரும். மற்ற ஏழு பேரும் அதே பிள்ளையைத் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இடித்துக்கொண்டு முன்னால் போகிற சாமர்த்தியம் உனக்கு இல்லை. அது என்னிடமிருந்து வந்திருக்க வேண்டும், வரவில்லை. போஸ்டிங் முடிந்து நீ வீட்டுக்கு வந்தபோது உன் நோட்டில் ஒன்பது இருந்தது. அந்த ஒன்பதும் நீ கையில் ஏந்திய பிள்ளைகள். "மத்தவ எடுத்ததையும் எழுதிக்கிற வேண்டியதுதானே?" என்று நான்தான் கேட்டேன். "நான் புடிக்காத புள்ளைய நான் எப்படிப்பா எழுத?" என்றாய்.

நீயே ஒரு வழியும் வைத்திருந்தாய். அந்த மலையாளத்து சிஸ்டருக்குப் போன் செய்திருந்தாய். அவர் உன்னை மறக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்க வைத்தாய்: "மோளை இங்கன அனுப்புங்க. ஆறு மாசம் எங்க கூட நிக்கட்டும். இங்க கூட்டம் இல்ல, வர்ற கேஸ் எல்லாம் அவளுக்குத்தான். கை பழகிரும்." கல்லூரியும் அனுமதிக் கடிதம் தரத் தயாராக இருந்தது. பரீட்சை மட்டும் அடுத்த தடவைக்குத் தள்ளிப்போகும். ஆறு மாதம். அவ்வளவுதான் நீ கேட்டது.

நான் ஏன் முடியாது என்றேன் என்பதை உனக்கு உண்மையாகச் சொன்னதில்லை. வயது போகிறது, சம்பந்தம் பேச வருகிறார்கள், அந்த ஆஸ்பத்திரி வசதி இல்லாத இடம் என்றெல்லாம் அடுக்கினேன். எதுவும் உண்மையான காரணம் இல்லை. கோயில் திருவிழாவின்போது அன்னதானப் பந்தியில் நின்றுகொண்டு, என் மகள் இந்த வருடம் பட்டம் வாங்குகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். பங்குச் சாமியாரிடம்கூடச் சொன்னேன். பத்திரக்காரன் மகள் அரியர் வைத்துவிட்டாள் என்று எவனாவது டீக்கடையில் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அரியர் என்றால் என்ன, ஆறு மாதம் வேலை கற்றுக்கொள்வது என்றால் என்ன என்று அவனுக்கு விளக்க எனக்குத் தைரியமில்லை. அந்த டீக்கடைப் பயலின் வாய்க்குப் பயந்துதான் உன் ஆறு மாதத்தைப் பிடுங்கினேன்.

மீதிப் பதினொன்றையும் நானே எழுதிவிடுகிறேன் என்று நோட்டைக் கேட்டபோது நீ மூன்று நாள் கொடுக்கவில்லை. நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உன்னுடைய ஒன்பது கேஸ்களையும் முன்னால் விரித்து வைத்தேன். என் இங்கிலீஷ் பத்திரத்துக்கு வேண்டிய இங்கிலீஷ்தான். ஆனால் மாதிரி இருந்தால் நான் எதையும் எழுதுவேன். வலி தொடங்கிய நேரம், கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர், பனிக்குடம் உடைந்த நேரம், பிள்ளையின் எடை, நஞ்சுக்கொடி வந்த நேரம். உன் எழுத்தைப் போலவே சாய்த்து எழுதினேன். வாழ்நாளில் ஒரு பிரசவத்தை எட்டிப் பார்க்காத மனுசன் நான், ஒரே மத்தியானத்தில் நாலு பிள்ளைகளைப் பெற வைத்தேன். சந்தேகம் வந்தால் அடுப்படியைப் பார்த்து, "ஏம்மா, தலைப்புள்ளைக்கு எத்தனை மணி நேரம் வலி இருக்கும்?" என்று கேட்பேன். அம்மா முதல் இரண்டு தடவை பதில் சொன்னாள். பிறகு பாத்திரம் உருளும் சத்தம்தான் வந்தது.

தாய்மார்களுக்குப் பெயர் வேண்டுமே. பழைய பத்திர நகல்களிலிருந்து எடுத்தேன். பேரன் எடுத்துவிட்ட கிழவிகள் எல்லாம் என் கையால் இருபத்துமூன்று வயதில் தலைப்பிரசவம் கண்டார்கள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இரண்டாம் ஞாயிறு, பெயருக்குத் தட்டுப்பாடு வந்து, அம்மாவின் பெயரை ஒரு கேஸுக்குப் போட்டுவிட்டேன். ஆண் குழந்தை, மூன்று கிலோ, பிறந்ததும் நன்றாக அழுதது. சும்மா கை போன போக்கில் எழுதியது. அன்று சாயங்காலம் மேஜையைத் துடைக்க வந்த அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது, அவள் பெயரும் வயதும் எண்களும் புரிந்தன. "இது ஆரு?" என்று கேட்டாள். நான் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துவிட்டு, "இதுலயாச்சும் பொழைச்சானே" என்றாள். உனக்கு இது தெரியாது. அன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்து, நோட்டோடு அடுப்பில் போட்டிருக்க வேண்டும். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அதற்கு முன்பே, பதினாலாவது கேஸை எழுதியபோது எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. எல்லாப் பிரசவமும் ஒரே மாதிரி சுலபமாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராதா? பத்திரத்தில்கூட எங்கேயாவது ஒரு சின்ன வில்லங்கத்தைச் சொல்லி, அது தீர்க்கப்பட்டது என்று எழுதினால்தான் நம்பிக்கையாக இருக்கும். உன் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். தலை வெளியே வந்த பிறகு பிள்ளையின் தோள் உள்ளே சிக்கிக்கொள்வது பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. தாயின் கால்களை வயிற்றோடு மடக்கிப் பிடித்து, அடிவயிற்றுக்குக் கீழே அமுக்கி, தோளை விடுவிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அப்படியே இறக்கினேன். பிரசவம் பார்த்தவர்: உன் பெயர். தாயும் சேயும் நலம். அது எவ்வளவு பயங்கரமான சமயம், பெரிய டாக்டர்களுக்கே கை நடுங்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த அத்தியாயத்தில் அது இரண்டு பக்கம்தான் இருந்தது.

மேடம் ஒரே நாளில் நாற்பது நோட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. நீ பாஸாகிவிட்டாய். பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கியில் உன்னை நிறுத்தி எடுத்த போட்டோவில் நீ சிரிக்கவில்லை. "போட்டோக்காரரு சொல்றாருல்ல, சிரி ஆத்தா" என்று அதட்டினேன். அந்தப் படம் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது, கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உன்னை இன்டர்வியூ செய்த மேட்ரன் மட்டும்தான் உன் நோட்டைப் படித்தவர். பதினாலாவது கேஸில் விரலை வைத்து, "படிக்கும்போதே இதைப் பார்த்திருக்கியா? கெட்டிக்காரி" என்று பாராட்டி, ஒரு வருடம் வார்டில் விட்டுப் பழக்குவதற்குப் பதிலாக நேராகப் பிரசவ அறையில் போட்டார். அன்று நீ போன் செய்து, "அப்பா, பதினாலுல என்ன எழுதி வச்சீங்க?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். "அப்பன் எழுத்துக்கு உத்தியோகமே கெடைச்சிருச்சு பாத்தியா" என்றேன். நீயோ, "எனக்குப் பயமா இருக்குப்பா, நான் போய் உண்மையச் சொல்லிரட்டா?" என்றாய். போகப் போகப் பழகிவிடும் என்றேன்.

ஐந்தாவது வாரம். காலை பதினொரு மணி. கடமலைக்குண்டுப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். மூத்த நர்ஸ் அன்று லீவு. டாக்டர் பக்கத்து அறையில் வேறொரு தாய்க்கு வயிற்றைத் திறந்து வைத்திருந்தார், பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. தலை வந்தது, தோள் வரவில்லை. மீதியை நீ சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன், எனக்கு அது அப்படியே மனப்பாடமாக இருக்கிறது. "அந்த வரி ஞாபகம் வந்துச்சுப்பா. காலை மடக்கணும், கீழ அமுக்கணும். நீங்க சாய்ச்சு எழுதுன எழுத்துலயே கண்ணு முன்னால வந்துச்சு. ஆனா எங்கன அமுக்கணும், எம்புட்டு அமுக்கணும்னு கைக்குத் தெரியலப்பா." டாக்டர் ஓடி வந்து எடுத்தபோது பெண் குழந்தை, நாலு கிலோவுக்கு மேல், அழவில்லை.

விவரம் கேட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அந்தக் குழந்தையின் தகப்பன் வாசலில் நின்றிருந்தான். அவன் கத்தவில்லை, அவன் சொந்தக்காரர்கள்தான் கத்தினார்கள். கையில் ஒரு கட்டைப்பை, அதில் புதுத்துண்டும் கொசுவலையும் துருத்திக்கொண்டிருந்தன. என்னை யாரோ பெரியவர் என்று நினைத்து, "அய்யா, ஒதுங்கி நில்லுங்க, கல்லுகில்லு விழுந்துறப் போகுது" என்று என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். நான் யார் என்று அவனிடம் சொல்லவில்லை. இதையும் உன்னிடம் நான் சொன்னதில்லை.

சுகாதாரத் துறை விசாரணை என்று வந்ததும் நீ உண்மையைச் சொல்லக் கிளம்பினாய். "ஒம்போதுதான் பார்த்திருக்கேன்னு சொல்லிர்றேன்ப்பா" என்றாய். நான் உன் காலில் விழுந்தேன். எந்தத் தகப்பனும் செய்யாத காரியம். பட்டம் போய்விடும், பதிவு போய்விடும், எல்லாம் போய்விடும் என்று புலம்பினேன். அம்மா என்னைத் தூக்கிவிடவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நீ போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தாய். "நோட்டைக் கேட்டாக, கொடுத்தேன். வேற ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். மறுநாள் என் மேஜைக்கு வந்து, எழுதாத ஒரு கேஸ் தாளை என் முன்னால் வைத்தாய். "இந்தப் புள்ளையையும் எழுதுங்கப்பா. உங்க கையில எழுதுனா நல்லாருக்கும்" என்றாய். குரலை உயர்த்தவே இல்லை. மூடியைக் கழற்றிப் பேனாவை என் விரலிடுக்கில் செருகினாய். அரைமணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். அந்தத் தாளில் தேதிகூட என்னால் போட முடியவில்லை. எழுந்து போகும்போது, "இனிமே எந்தப் பொம்பளையும் என் முன்னால வந்து படுக்க வேணாம்" என்றாய். அதற்கப்புறம் மூன்று மாதம் நீ இந்த வீட்டில் இருந்தாய், ஆனால் என்னோடு பேசியது அதுதான் கடைசி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தத் தபாலுக்கு வருகிறேன். விசாரணை முடிந்துவிட்டது. உன் மேல் தவறு இல்லை என்று உத்தரவு வந்திருக்கிறது. சம்பந்தப்பட்ட செவிலியர் போதிய பயிற்சி பெற்றவர், மாணவியாக இருந்தபோதே இதே சிக்கலைத் தனியாகச் சமாளித்த அனுபவம் அவருடைய கேஸ் நோட்டில் முறையாகப் பதிவாகி, சான்றொப்பமும் பெற்றிருக்கிறது, ஆகவே கவனக்குறைவு என்று சொல்ல முகாந்திரம் இல்லை. பாப்பா, இதைப் படித்தபோது ஒரே ஒரு நொடி, ஒரே ஒரு நொடிதான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நொடிக்காக நான் என்னைக் காறித் துப்பிக்கொள்கிறேன். கடமலைக்குண்டுக்காரனுக்கும் இதன் நகல் போயிருக்கும். நல்ல அனுபவசாலி பார்த்தும் பிள்ளை தங்கவில்லை, நம் தலையெழுத்து என்று அவன் நினைத்துக்கொள்வான்.

மறுநாளே நான் ஒரு வாக்குமூலம் எழுதினேன். பதினோரு கேஸ்களும் என் கற்பனை, மகளுக்கு விருப்பமில்லாமல் நான் எழுதியது, தண்டனை எதுவானாலும் எனக்கு என்று என் பெயர் போட்டு எழுதி, விசாரணை நடத்திய அதிகாரியைத் தேனியில் போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டே வாசித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "அய்யா, நீங்க விவரம் தெரிஞ்சவுக. இதை நான் வாங்குனா அந்தக் காலேஜ்ல படிச்ச அம்புட்டுப் புள்ளைக நோட்டையும் எடுத்துப் பார்க்கணும். அப்புறம் பக்கத்துக் காலேஜ். எத்தனை ஆஸ்பத்திரிய இழுத்து மூடுறது? ஃபைல் முடிஞ்சு போச்சு. மகளுக்கு நல்லது நடந்திருக்கு, கெடுத்துக்கிறாதீங்க" என்றார். காகிதத்தை நாலாக மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்து அனுப்பினார். ஆக, நான் எழுதியதிலும் ஒன்று திரும்பி வந்துவிட்டது. தபாலில் அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறேன். உன் பட்டத்தையும் சேர்த்து எரிக்கிற தீக்குச்சி அது என்பதால் உன்னைக் கேட்காமல் இந்தத் தடவை எதுவும் செய்ய மாட்டேன். அனுப்புங்க என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அங்கிருந்து அப்படியே மலையடிவாரத்துக்குப் பஸ் ஏறினேன். இப்போதாவது உன்னை அனுப்பிவைத்தால் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கத்தான். பிரசவ வார்டு இருந்த இடத்தில் வரிசையாக நாற்காலி போட்டுக் கண் பரிசோதனை நடக்கிறது. சிஸ்டர் ரொம்பத் தளர்ந்துவிட்டார். "இப்ப டெலிவரி எடுக்கிறதில்ல. டாக்டர் கிட்டுறதில்ல, எல்லாரும் டவுனுக்குப் போயிர்றாக. போன வருசத்தோட நிறுத்தியாச்சு" என்றார். போன வருடம் வரைக்கும் இருந்திருக்கிறது, பாப்பா. உன்னைப் பற்றிக் கேட்டார். திருப்பூரில் இருக்கிறாள் என்றேன். "ஆஸ்பத்திரியிலா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டி வைத்தேன்.

நேற்று மேட்ரன் என் நம்பருக்குக் கூப்பிட்டார். உத்தரவின் நகல் அவர்களுக்கும் கிடைத்துவிட்டதாம், ஒன்றாம் தேதியிலிருந்து பிரசவ அறைக்கே உன்னை வரச் சொன்னார். மூன்று பேருக்கு நாள் நெருங்கிவிட்டது, ஆள் இல்லை என்றார். "அம்மா, என் மகளுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியாது" என்றேன். "எல்லா அப்பாமாரும் இப்படித்தான் பயப்படுவாக. அதான் ஆர்டரே வந்துருச்சே" என்று சிரித்தார். நோட்டில் பதினோரு கேஸ் நான் எழுதியது என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார். "எங்கப்பாவும் எனக்கு ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சு கொடுத்திருக்காரு, விடுங்க" என்றார்.

உன் புது நம்பரைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. எப்படியும் கண்டுபிடித்துக் கூப்பிடுவார்கள். உத்தரவை வாசித்துக் காட்டுவார்கள். மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்றால் உன் மனம் இளகும், எனக்கு உன்னைத் தெரியும். போகாதே. பத்து வயதிலிருந்து நீ ஆசைப்பட்ட அறைக்கு உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு நெஞ்சு வெடிக்கிறது, இருந்தாலும் போகாதே. நீ கெட்டிக்காரி இல்லை என்பதால் சொல்லவில்லை. உனக்கு அந்த வேலை தெரியாது, கற்றுக்கொள்ளக் கிளம்பியவளை வாசலில் மறித்தவன் நான், அதனால் சொல்கிறேன். மறுபடி படிக்கத் தோன்றும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. அப்படி என்றைக்காவது தோன்றினால் முதல் பிள்ளையிலிருந்து படி. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று என்னிடம் சொல்லாதே. நான் செத்துக் கிடந்தாலும் உன் நோட்டை இந்த வீட்டுக்குள் கொண்டுவராதே.

அப்பா